பழைய கல் ரம்பத்துக்கு எந்த மோட்டார்? பிளேடிலிருந்து தொடங்குங்கள்

பழைய கல் ரம்பம் ஒன்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் முதலில் கேட்பது, "இதுக்கு எத்தனை எச்.பி. மோட்டார் போடணும்?" என்றுதான். மோட்டார் கடைக்காரரும் நம்மிடம் அதையேதான் கேட்பார். அந்தக் கேள்வியைக் கொஞ்ச நேரம் தள்ளிவையுங்கள். பிளேடு எவ்வளவு பெரியது, அது என்ன வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அதிலிருந்து புல்லி, புல்லியிலிருந்து மோட்டாரின் வேகம், பிறகு மோட்டாரின் உடம்பு மூடியதா திறந்ததா, கடைசியில்தான் எச்.பி. இந்த வரிசையைத் தலைகீழாகப் போட்டவர்கள் நல்ல பிளேடுகளை வளைத்ததையும், புது மோட்டாரின் காயிலை எரித்ததையும் பார்த்திருக்கிறேன்.

நான் சொல்வது குவாரியில் கிரானைட் அறுக்கும் பெரிய இயந்திரம் அல்ல. அகேட், ஜாஸ்பர், குவார்ட்ஸ் போன்ற கற்களைப் பலகை பலகையாக அறுக்கும் ரம்பம். கீழே எண்ணெய்த் தொட்டி, அதில் விளிம்பு நனைந்தபடி சுற்றும் வைர பிளேடு, கல்லைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நகரும் வைஸ், மேலே ஒரு மூடி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் கல் சேகரிப்பது பெரிய பொழுதுபோக்காக வளர்ந்தது. அப்போது கனமான வார்ப்பிரும்பிலும் தகட்டிலும் செய்த ரம்பங்கள் இன்றைக்கும் கை மாறிக்கொண்டே இருக்கின்றன. காங்கேயம், கரூர் பக்கத்துக் கற்களை அறுத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் நான் வாங்கியதும் அப்படி ஒரு 10 அங்குல ரம்பம்தான். அதையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். உங்களுடையது வேறு அளவாக இருந்தாலும் கணக்கு ஒன்றே.

மோட்டாரைத் தொடுவதற்கு முன்

பெல்ட்டைக் கழற்றிவிட்டு பிளேடு ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். கரகரவென்று சத்தம் வந்தாலோ, ஓரிடத்தில் இறுகி இன்னோரிடத்தில் தளர்ந்தாலோ பேரிங் போய்விட்டது. மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. இறுகிய பேரிங்கோடு எந்த மோட்டாரை மாட்டினாலும் அது திணறும். திணறுவதைப் பார்த்து இன்னும் பெரிய மோட்டார் தேடிப் போவோம். ஒரு ஜோடி பேரிங் வாங்கி மாற்றுவது அதைவிட மலிவு.

அடுத்து, பழைய மோட்டார் செத்ததாகத் தெரிந்தாலும் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். அதன் நேம் பிளேட்டைத் துடைத்து எல்லா எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள்: வோல்ட், ஆம்பியர், ஹெர்ட்ஸ், ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), எச்.பி., ஃபிரேம் எண் (மோட்டார் உடம்பின் அளவைக் குறிப்பது). இரண்டு புல்லிகளின் வெளிவிட்டம், மோட்டார் ஷாஃப்டின் விட்டம், அடியிலிருந்து ஷாஃப்டின் மையம் வரை உயரம், எந்தப் பக்கம் சுற்றியது, எல்லாவற்றையும் குறித்துப் படமும் எடுத்துவையுங்கள். என் ரம்பத்தில் இருந்தவை: 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 1725 ஆர்.பி.எம்., 1/3 எச்.பி. மோட்டாரில் 2.5 அங்குலப் புல்லி, பிளேடு ஷாஃப்டில் 4 அங்குலப் புல்லி. பாதி வேலையை இந்தச் சில எண்களே முடித்துக் கொடுத்துவிடும்.

எச்சரிக்கை ஒன்று. பழைய மோட்டாரின் முதுகில் உருளையாக ஒரு கெப்பாசிட்டர் இருந்தால், வயரைத் தொடுவதற்கு முன் அதன் இரு முனைகளையும் பல்பு மாட்டிய ஒரு ஹோல்டர் வழியாக இணைத்து மின்சாரத்தை இறக்கிவிடுங்கள். எண்ணெய் நிரப்பிய பழைய கெப்பாசிட்டராக இருந்தால் அதை உடைத்தோ திறந்தோ பார்க்க வேண்டாம். அமெரிக்கா 1979-இல் தடை செய்த பி.சி.பி. என்ற நச்சு எண்ணெய் உள்ளே இருக்கலாம்.

பிளேடு கேட்கும் வேகம்

வைர பிளேடுக்கு ஆர்.பி.எம். முக்கியமல்ல, விளிம்பு ஒரு நொடியில் எத்தனை மீட்டர் ஓடுகிறது என்பதுதான் முக்கியம். அகேட் போன்ற கடினமான கல்லுக்கு நொடிக்கு 10 முதல் 15 மீட்டர் வரை நல்ல வேகம். பிளேடு உறையில் வேறு எண் அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். அதிகபட்சம் என்று போட்டிருக்கும் எண்ணை ஒருபோதும் தாண்டக் கூடாது.

வேகம் மிகக் குறைந்தால் ஒவ்வொரு வைரத் துகளும் தன் சக்திக்கு மீறிக் கல்லைக் கடிக்க வேண்டியிருக்கும். துகள்கள் பிடுங்கிக்கொண்டு போய்விடும், பிளேடு சீக்கிரம் தேயும். வேகம் மிக அதிகமானால் துகள்கள் கல்லைக் கடிக்காமல் உரசி மழுங்கிவிடும். எண்ணெயும் விளிம்பில் நிற்காமல் சிதறிப் போகும். வெட்டுமிடம் காய்ந்து சூடேறும்.

கணக்கு எளிது. பிளேடின் விட்டத்தை மீட்டரில் எடுத்து 3.14-ஆல் பெருக்கினால் சுற்றளவு. அதை ஆர்.பி.எம்.-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் விளிம்பின் வேகம். 10 அங்குலம் என்றால் 0.254 மீட்டர், சுற்றளவு ஏறக்குறைய 0.8 மீட்டர். என் ரம்பத்தின் பழைய ஏற்பாட்டில் ஷாஃப்ட் வேகம் 1725 பெருக்கல் 2.5 வகுத்தல் 4, அதாவது 1078 ஆர்.பி.எம். விளிம்பு நொடிக்குச் சுமார் 14 மீட்டர் ஓடியிருக்கிறது. அந்தக் காலத்தில் செய்தவர்கள் கச்சிதமாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

அதே 14 மீட்டர் வேண்டுமென்றால் 6 அங்குல பிளேடு சுமார் 1750, 14 அங்குலம் சுமார் 750, 18 அங்குலம் 585, 24 அங்குலம் 440 ஆர்.பி.எம். சுற்ற வேண்டும். பிளேடு பெரிதாக ஆக ஷாஃப்ட் மெதுவாகச் சுற்ற வேண்டும் என்பதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஷாஃப்டிலேயே நேராகப் பெரிய பிளேடை மாட்டிவிடலாமா என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

மார்பிள் கட்டர் மோட்டாரைக் கழற்றிப் போடலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். 110 மி.மீ. பிளேடை 12,000 ஆர்.பி.எம். அளவில் சுற்றும் கருவி அது. விளிம்பு நொடிக்கு 69 மீட்டர் ஓடும். நமக்குத் தேவையானதைப் போல ஐந்து மடங்கு. கார்பன் பிரஷ் வைத்த மோட்டார் என்பதால் சுமை ஏறினால் வேகம் படுத்துவிடும், ஓடும்போதெல்லாம் பொறி பறக்கும், முக்கால் மணி நேரம் நிறுத்தாமல் ஓடவும் செய்ததல்ல. எண்ணெய்த் தொட்டிக்குப் பக்கத்தில் அந்தப் பொறி வேண்டவே வேண்டாம். மிக்ஸி, டிரில்லிங் மெஷின் மோட்டார்களும் இதே வகைதான்.

60 ஹெர்ட்ஸ் மோட்டாரை நம் ஊர்க் கரண்டில் ஓட்டலாமா

அமெரிக்க ரம்பம் வாங்கியவர்கள் அதிகம் இடறி விழுவது இங்கேதான். 230 வோல்ட்டை 115 ஆகக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வாங்கி மாட்டினால் போதும் என்று நினைக்கிறோம். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மட்டும்தான் மாற்றும், ஹெர்ட்ஸை, அதாவது கரண்ட் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பதை, மாற்றாது. அமெரிக்காவில் அது 60, நம் ஊரில் 50.

இண்டக்‌ஷன் மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸையும் உள்ளே இருக்கும் துருவங்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. நான்கு துருவ மோட்டாரில் காந்தப்புலம் 60 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 1800 சுற்று, 50 ஹெர்ட்ஸில் 1500 சுற்று. உள்ளே சுற்றும் பகுதியான ரோட்டார் கொஞ்சம் பின்தங்கும் என்பதால் நேம் பிளேட்டில் 1725 என்றோ, நம் ஊர் மோட்டாரில் 1440 என்றோ பார்க்கிறோம். ஆக அமெரிக்க மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். அதைப் புல்லி மாற்றிச் சரிசெய்துகொள்ளலாம். சூட்டைத்தான் சமாளிக்க முடியாது. ஹெர்ட்ஸ் குறைந்தால் அதே விகிதத்தில் வோல்ட்டும் குறைய வேண்டும். 60 ஹெர்ட்ஸில் 115 வோல்ட் கேட்கும் மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸில் சுமார் 96 வோல்ட்தான் கொடுக்கலாம். அதற்கு மேல் கொடுத்தால் இரும்பு தாங்கக்கூடிய காந்தப்புலத்தை மீறி, சும்மா சுற்றும்போதே அதிக ஆம்பியர் இழுத்துச் சூடாகும். 96 வோல்ட் கொடுத்தாலோ சக்தியிலும் ஆறில் ஒரு பங்கு போய்விடும்.

நேம் பிளேட்டில் 115/230 என்று இருப்பதைப் பார்த்து நேராக நம் பிளக்கில் சொருகிவிடாதீர்கள். ஹெர்ட்ஸ் கட்டத்தில் 60 மட்டும் இருந்தால் 230-இலும் இதே கதைதான். 50/60 என்று இருந்தால் பயமில்லை.

பழைய மோட்டாரின் வார்ப்பு அழகாக இருக்கிறது, ரம்பம் அதனோடுதான் முழுமையாகத் தெரிகிறது என்று நினைத்தால் வழி இருக்கிறது. நல்ல ரீவைண்டிங் கடையில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்கு ஏற்றபடி புதிதாகக் காயில் கட்டித் தரச் சொல்லலாம். இரண்டு எண்களையும் சொல்லிக் கொடுங்கள். பழைய காயிலைப் பார்த்து அப்படியே திரும்பக் கட்டினால் பயனில்லை. அந்த மோட்டார் திறந்த உடம்பாக இருந்தால் நான் அந்தச் செலவைச் செய்யமாட்டேன். காரணம் அடுத்து வருகிறது.

மூடிய உடம்பு

எச்.பி.யைவிட நான் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். பழைய மோட்டார்களில் பல, பக்கவாட்டில் துளைகள் வழியாகக் காற்றை உள்ளே இழுத்துக் குளிர்ந்துகொள்பவை. கல் ரம்பத்தைச் சுற்றியிருக்கும் காற்றிலோ எண்ணெய்ப் புகையும் கல் மாவும் கலந்திருக்கும். நண்பர் ஒருவர் ரம்பத்தில் இருந்த திறந்த மோட்டாரைக் கழற்றியபோது காயில் முழுவதும் சாம்பல் நிறச் சேறு அப்பியிருந்தது, கம்பி தெரியவில்லை. அந்தச் சேறு சூட்டை வெளியே விடாது. அதைவிட மோசம், ஒற்றை ஃபேஸ் மோட்டார் பலவற்றில் உள்ளே ஒரு சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் உண்டு. மோட்டார் வேகம் பிடித்ததும் ஸ்டார்ட்டிங் காயிலைத் துண்டிப்பது அதன் வேலை. ஒவ்வொரு முறை ஸ்டார்ட் ஆகும்போதும் அது திறந்து ஒரு சின்னப் பொறி விடும். எண்ணெய்ப் புகை நிறைந்த இடத்தில் அந்தப் பொறி எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி அறுத்த காலம் ஒன்று இருந்தது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எளிதில் தீப்பிடிக்காத மினரல் ஆயிலைப் பயன்படுத்துங்கள்.

ஆகவே முழுதும் மூடி, பின்புற விசிறி வெளியிலிருந்து குளிர்விக்கும் மோட்டாராகக் கேளுங்கள். கடையில் "டி.இ.எஃப்.சி." என்று சொன்னால் புரியும். நேம் பிளேட்டில் ஐ.பி. 55 (தூசியையும் தண்ணீர்த் தெறிப்பையும் தாங்கும் என்ற குறி) என்றிருந்தால் நிம்மதி. டியூட்டி கட்டத்தில் எஸ்1 என்று இருக்க வேண்டும். தொடர்ந்து ஓடத் தகுந்தது என்று பொருள். பெரிய அகேட் ஒன்றை அறுக்க அரை மணி, முக்கால் மணி ஆகும். வாஷிங் மெஷின் மோட்டார் அதற்குத் தாங்காது.

எந்த வகை, எத்தனை எச்.பி.

வீட்டில் ஒற்றை ஃபேஸ் என்றால் கெப்பாசிட்டர் ஸ்டார்ட் வகையைத் தேர்ந்தெடுங்கள். நான்கு துருவம், 1440 ஆர்.பி.எம். கிளம்பும்போது இதன் திருகுவிசை சாதாரண வகையைவிட நன்றாக இருக்கும். குளிர்ந்து கெட்டியான எண்ணெயில் பிளேடு முங்கியிருந்தாலும் தயங்காது. 2880 ஆர்.பி.எம். மோட்டார் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். வேகத்தைக் குறைக்க ஷாஃப்டில் பெரிய புல்லி தேவைப்படும், அதற்கு ரம்பத்தில் இடம் இருக்காது. மூன்று ஃபேஸ் இணைப்பு இருப்பவர்களுக்கு என் பரிந்துரை மூன்று ஃபேஸ் மோட்டார்தான். உள்ளே சுவிட்ச் இல்லை, கெப்பாசிட்டர் இல்லை, கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லை. ஒரு ஃபேஸ் போனால் உடனே நிறுத்தும் பிரிவென்டர் மட்டும் அவசியம்.

இனி எச்.பி. 6 அங்குல பிளேடுக்குக் கால், 10 அங்குலத்துக்கு மூன்றில் ஒன்று முதல் அரை, 14 அங்குலத்துக்கு அரை, 18 அங்குலத்துக்கு முக்கால் முதல் ஒன்று, 24 அங்குலத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை. நம் கடைகளில் 1/3 எச்.பி. எளிதில் கிடைப்பதில்லை. அரை எச்.பி., அதாவது 0.37 கிலோவாட் வாங்கினேன்.

"கொஞ்சம் கூடவே இருக்கட்டுமே, ஒண்ணு போட்டா என்ன?" என்று கடையில் கேட்பார்கள். கல் ரம்பத்தில் அந்தத் தாராளம் கெடுதல். அறுக்கும்போது வைஸில் கல் நழுவித் திரும்பினால் பிளேடு அதில் சிக்கிக்கொள்ளும். அளவான மோட்டாராக இருந்தால் பெல்ட் வழுக்கும், அல்லது மோட்டார் நின்றுவிடும். அளவுக்கு மீறிய மோட்டாரோ நிற்காது; மெல்லிய பிளேடை வளைத்துக் கிண்ணமாக்கிவிட்டுத்தான் ஓயும். பிளேடின் விலை தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று புரியும். இழுவை போதவில்லை என்று தோன்றினால் முதலில் பிளேடைக் கூர்படுத்திப் பாருங்கள். பழைய செங்கல் ஒன்றையோ சாணைக்கல் துண்டையோ சில முறை அறுத்தால் மழுங்கிய வைரங்கள் மறுபடி வெளியே வரும்.

மாலையில் கரண்ட் இறங்கும் ஊராக இருந்தால் இதையும் கணக்கில் எடுங்கள். மோட்டாரின் திருகுவிசை வோல்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால் திருகுவிசை ஏறக்குறைய 60 சதவீதம்தான் மிஞ்சும். மோட்டார் முழு வேகத்தை எட்டாது, சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் திறக்காது, ஸ்டார்ட்டிங் காயில் எரியும். அந்த நேரத்தில் அறுக்காமல் இருப்பதே நல்லது.

பழைய மோட்டார் தேடுபவர்களுக்கு: ஹோட்டல்களில் ஓடும் பெரிய வெட் கிரைண்டரின் பெல்ட் மோட்டார் நல்ல தேர்வு. பெரும்பாலும் 1440 ஆர்.பி.எம்., அரை முதல் ஒரு எச்.பி. கோவை உக்கடம், சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் தேடிப் பார்க்கலாம். வாங்குமுன் ஷாஃப்டை ஆட்டிப் பாருங்கள், காயிலில் கருகிய வாடை வருகிறதா என்று முகருங்கள், முடிந்தால் 500 வோல்ட் மெக்கரால் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) காயிலுக்கும் உடம்புக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் விட்டுவிடுங்கள். தண்ணீர் மோட்டார் வேண்டாம். மோனோபிளாக் பம்பின் ஷாஃப்டில் புல்லி மாட்ட வழி இருக்காது.

புல்லியும் பொருத்துதலும்

பழைய 1078 ஆர்.பி.எம். வேகத்தை 1440 மோட்டாரிலிருந்து எடுக்க வேண்டும். மோட்டார் புல்லி 2.5 அங்குலத்தை 1.2-ஆல் பெருக்கினால் 3 அங்குலம். 1440 பெருக்கல் 3 வகுத்தல் 4, சரியாக 1080. மோட்டார் புல்லி ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். 13 மி.மீ. அகலமுள்ள ஏ வகை வி-பெல்ட்டுக்கு 3 அங்குலப் புல்லிதான் நல்லதும்கூட. அதைவிடச் சிறிய புல்லியில் பெல்ட் அதிகமாக வளைந்து சீக்கிரம் வெடித்துவிடும்.

உங்கள் ரம்பத்தில் வைஸை நகர்த்தும் திருகு பிளேடு ஷாஃப்டிலிருந்தே பெல்ட் வழியாக ஓடுகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் ஷாஃப்ட் வேகத்தை மாற்றாமல் வைப்பது இன்னும் முக்கியம், கல் நகரும் வேகமும் அதோடு சேர்ந்து மாறும். நகர்த்துவதற்குத் தனியாகச் சின்ன கியர் மோட்டார் இருந்தால் அதன் நேம் பிளேட்டையும் படியுங்கள், அதுவும் 60 ஹெர்ட்ஸாக இருக்கலாம்.

பழைய அமெரிக்க 56 ஃபிரேம் மோட்டாரின் ஷாஃப்ட் 5/8 அங்குலம், உயரம் 3.5 அங்குலம், அதாவது சுமார் 89 மி.மீ. நம் ஊர் மோட்டாரில் ஃபிரேம் எண்ணே மி.மீ. கணக்கில் ஷாஃப்ட் உயரம்: 71 ஃபிரேமுக்கு 14 மி.மீ. ஷாஃப்ட், 80 ஃபிரேமுக்கு 19 மி.மீ. பழைய புல்லி எதிலும் சரியாக உட்காராது. தாள் சுற்றியோ தகடு செருகியோ சமாளிக்காதீர்கள். புதுப் புல்லியை லேத் பட்டறையில் கொடுத்து ஷாஃப்டுக்குத் தகுந்த துளையும் சாவிப் பள்ளமும் போட்டு வாங்குங்கள். அடித்தளத்தின் போல்ட் துளைகளும் பொருந்தாது, 6 மி.மீ. இரும்புத் தகடு ஒன்றில் புதுத் துளைகள் போட்டு நடுவில் வைத்தேன்.

நான் தவறவிட்ட ஒன்று: பழைய ரம்பங்களில் மோட்டார் ஒரு கீல் பலகையில் தொங்கும். அதன் எடைதான் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும். பழையது கனமான வார்ப்பிரும்பு. நான் வாங்கியதோ அலுமினிய உடம்பு. எடை பாதிகூட இல்லை. கல்லைத் தொட்டதும் பெல்ட் வழுக்கியது, மோட்டாருக்குச் சக்தி இல்லை என்றே இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கீல் பலகையின் அடியில் ஒரு ஸ்பிரிங் மாட்டியதும் சரியாகிவிட்டது.

வயரிங், முதல் வெட்டு

பெல்ட் மாட்டாமல் மோட்டாரை ஒரு நொடி ஓட்டி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். பிளேடில் உள்ள அம்புக்குறியோடு பொருந்த வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் பிளேடைப் பிடித்திருக்கும் நட்டே கழன்று வரலாம். மூன்று ஃபேஸில் ஏதேனும் இரண்டு வயரை மாற்றினால் திசை திரும்பும். ஒற்றை ஃபேஸில் ஸ்டார்ட்டிங் காயிலின் இரு முனைகளையும் மாற்ற வேண்டும். அந்த முனைகள் டெர்மினல் பெட்டிக்கு வராத மோட்டார்களும் உண்டு, வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

பழைய டம்ளர் சுவிட்சை எடுத்துவிட்டு ஓவர்லோடு ரிலேயுடன் கூடிய டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் போடுங்கள். கரண்ட் போய்த் திரும்ப வந்தால் ரம்பம் தானாக ஓடத் தொடங்காது. நீங்கள் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். கல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கும் நேரத்தில் கரண்ட் வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். எர்த் வயர் ரம்பத்தின் உடம்புக்கும் மோட்டாருக்கும் போக வேண்டும். இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச், இருக்கட்டும். எண்ணெய்க்குப் பதில் தண்ணீர் ஊற்றி அறுப்பவர்களுக்கு இது இல்லாமல் ஓட்டவே கூடாது. பெல்ட்டுக்குக் கவர் போடுங்கள். மூடியைத் திறக்கும்போது முகக்கவசம் அணியுங்கள். அகேட், குவார்ட்ஸ் எல்லாமே சிலிக்கா, அந்தத் தூசி நுரையீரலில் தங்கிவிடும்.

முதல் வெட்டுக்கு உள்ளங்கை அளவுக் கல் போதும். லைவ் வயரில் கிளாம்ப் மீட்டரை (வயரைக் கவ்வி ஆம்பியரை அளக்கும் கருவி) மாட்டி மூன்று எண்களை எழுதுங்கள்: கல் இல்லாமல் ஓடும்போது, கல்லைத் தொடும்போது, வெட்டு ஆழமாகி முழு அகலத்தில் போகும்போது. மூன்றாவது எண் நேம் பிளேட்டில் உள்ள ஆம்பியருக்குள் இருந்தால் நீங்கள் சரியான மோட்டாரை எடுத்துவிட்டீர்கள். தாண்டினால் கல் நகரும் வேகத்தைக் குறையுங்கள். கையை வைத்துச் சூடு பார்ப்பதை மட்டும் நம்பாதீர்கள். கை பொறுக்காத சூட்டிலும் நல்ல மோட்டார் ஆண்டுக்கணக்கில் ஓடும். முதல் சில மணி நேரம் ஓடியதும் பெல்ட்டை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். புதுப் பெல்ட் கொஞ்சம் நீண்டிருக்கும். கீல் பலகையின் நட்டை அரைச் சுற்று இறுக்கிவிட்டு அடுத்த கல்லை மாட்டலாம்.